பிரௌனி ட்ரூப்புக்கு லீடர் ஆக ஆள் தேடுகிறார்கள், நான் கை தூக்கலாமா?

கொலம்பஸ்_அம்மா:

வணக்கம். ஒஹையோவில் கொலம்பஸ் பக்கம் இருக்கிறோம். மகள் இந்த வருஷம் இரண்டாம் வகுப்பு. கேர்ள் ஸ்கவுட்ஸில் (நம் ஊர்ச் சாரணியர் மாதிரி) இரண்டு வருஷம் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கான டெய்ஸி நிலையில் இருந்துவிட்டு இப்போது அடுத்த நிலையான பிரௌனி ஆகிறாள். அவள் இருக்கிற ட்ரூப்பை, அதாவது குழுவை, நடத்திவந்த அம்மா குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குக் குடிபோகிறார். போன வாரம் எங்கள் பகுதி ட்ரூப்புகளைக் கவனிக்கிற சர்வீஸ் யூனிட்டிலிருந்து பெற்றோர் எல்லோருக்கும் மெயில் வந்தது. யாராவது பொறுப்பு எடுத்துக்கொண்டால் ட்ரூப் தொடரும், இல்லையென்றால் பதினோரு பெண்களையும் எங்கெங்கே இடம் இருக்கிறதோ அங்கங்கே பிரித்துச் சேர்த்துவிடுவார்களாம். ஒரு வாரமாக யாரும் பதில் போடவில்லை. நானும் போடவில்லை.

நேற்று ராத்திரி மகள் தன் நீல வெஸ்ட்டைக் கட்டில் மேல் விரித்து வைத்து, அதில் பூ மாதிரி ஒட்டியிருக்கிற, டெய்ஸியாகச் சம்பாதித்த பத்து இதழ் பேட்ஜையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒரு இதழ் கூட பாக்கி இல்லம்மா, அப்புறம் ஏன் நம்ம ட்ரூப்பை மூடறாங்க?" என்றாள். அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். முழுநேர வேலை. மயிலாடுதுறையில் படித்த காலத்தில் பள்ளியில் சாரணியர் இருந்தார்கள், நான் சேரவில்லை. கூடாரத்தில் ஒரு ராத்திரி கூடப் படுத்ததில்லை. வீட்டில் சைவம். சனிக்கிழமை காலை தமிழ்ப் பள்ளி. ட்ரூப்பில் எங்களைத் தவிர இன்னும் ஒரே ஒரு இந்தியக் குடும்பம், மற்றவர்கள் எல்லாம் இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் முன்னால் நின்று நான் சொல்லி அவர்கள் கேட்பார்களா என்கிற தயக்கமும் இருக்கிறது, மறைக்கவில்லை.

எனக்குத் தெரியவேண்டியது இதுதான். செப்டம்பரிலிருந்து மே வரைக்கும் எந்தப் பருவத்தில் என்ன நடக்கும், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? என்ன செய்வது, எப்படிச் செய்வது என்பதெல்லாம் எங்கே கிடைக்கும், அல்லது நானே உட்கார்ந்து யோசிக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

எடிசன்_அக்கா:

எடுத்துக்கொள்ளுங்கள் தோழி. நியூ ஜெர்சியில் ஆறு வருஷமாக ட்ரூப் நடத்துகிறேன், டெய்ஸியாக என்னிடம் வந்தவர்கள் இன்று நடுநிலைப் பள்ளி வயதுக்கான கேடட் நிலையில் இருக்கிறார்கள். ஆனால் தனியாக எடுக்காதீர்கள். அதை மட்டும் முதலில் மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் தானாக வரும்.

தனியாக எடுக்க அவர்களே விடமாட்டார்கள். பெண்கள் கூடுகிற இடத்தில் எப்போதும் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், இருவரும் பதிவு செய்து பின்னணிச் சோதனை முடித்திருக்க வேண்டும். நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்தால் அது இரண்டு பேர் கணக்கில் வராது. பிரௌனி வயதுக்கு வழக்கமான கூட்டத்தில் இருபது பெண்கள் வரை இரண்டு பெரியவர்கள் போதும், வெளியே கூட்டிப் போனால் பன்னிரண்டு பேர் வரைதான். உங்களிடம் பதினோரு பேர், எந்தப் பக்கம் பார்த்தாலும் இரண்டு பேரே போதும். ஆக நீங்கள் தேட வேண்டியது இன்னும் ஒரே ஒரு ஆள். எல்லோருக்கும் பொதுவாக மெயில் போட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிட வருகிற ஒரு அம்மாவைப் பார்த்து, "பணக் கணக்கை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?" என்று நேரில் கேளுங்கள். பெரிய பொறுப்பாகக் கேட்டால் பயந்து ஒதுங்குகிறவர்கள், சின்ன வேலையாகக் கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள். என் ட்ரூப்பில் கணக்கு ஒருவர், குக்கீ விற்பனை ஒருவர், படிவங்கள் ஒருவர், நான் கூட்டத்தை மட்டும் நடத்துகிறேன்.

என்ன செய்வது என்று நீங்கள் யோசிக்கவே வேண்டாம். லீடராகப் பதிவானதும் உங்கள் கணக்கில் வாலண்டியர் டூல்கிட் என்று ஒன்று திறக்கும். வயதுக்கு ஏற்றபடி வருஷம் முழுக்கத் திட்டம் போட்டு வைத்திருப்பார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ன சாமான் வாங்க வேண்டும், முதல் பத்து நிமிஷம் என்ன பேச வேண்டும் என்பது வரை எழுதியிருக்கும். பயிற்சி எல்லாம் ஜிஎஸ்லேர்ன் என்கிற இடத்தில் வீடியோவாக இருக்கும், ராத்திரி பாத்திரம் தேய்த்து முடித்துவிட்டுப் பார்க்கலாம். வாலண்டியர் எசென்ஷியல்ஸ் என்பது விதிமுறைப் புத்தகம், அதைத் தேவைப்படும்போது புரட்டினால் போதும். ஆனால் சேஃப்டி ஆக்டிவிட்டி செக்பாயின்ட்ஸை மட்டும் எந்த வெளி நிகழ்ச்சிக்கும் முன்னால் திறந்து படியுங்கள். நீச்சல், குதிரை, ஸ்கேட்டிங், நெருப்பு மூட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் என்ன ஏற்பாடு வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்று அதில்தான் இருக்கிறது.

பருவத்துக்கு வருகிறேன். உறுப்பினர் வருஷம் அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடியும். இலை உதிர்கிற காலம்தான் லீடருக்கு மிகவும் பிடித்த காலம், ஏனென்றால் பிள்ளைகளும் புதிது, உற்சாகமும் புதிது. பிரௌனிக்கு இன்வெஸ்டிச்சர் என்று புதியவர்களைச் சேர்த்துக்கொள்கிற ஒரு சடங்கு உண்டு. தரையில் ஒரு முகக்கண்ணாடியைக் கிடத்தி சுற்றிலும் இலைகளை அடுக்கிக் குளம் மாதிரி செய்வோம். ஒவ்வொரு பெண்ணும் கிட்டே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து அந்தக் குளத்தைப் பார்க்க வேண்டும். பிரௌனி என்பது கதையில் வருகிற குட்டித் தேவதை, குளத்தில் அதைத் தேடினால் தெரிவது அவள் முகம்தான், அவள்தான் அந்த பிரௌனி. எங்கள் ட்ரூப்பில் யாரோடும் பேசாத ஒரு பெண் குனிந்தவள் நிமிரவே இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு பிரௌனி பின்னைக் குத்திவிடும்போது என் கை கொஞ்சம் நடுங்கியது.

அக்டோபர் 31 ஹாலோவீன் மட்டும் இல்லை, இந்த இயக்கத்தை 1912-இல் ஜார்ஜியா மாநிலத்து சவானாவில் பதினெட்டுப் பெண்களோடு தொடங்கிய ஜூலியட் கார்டன் லோவின் பிறந்தநாளும் அதுதான். கொலு வைப்பீர்களா? வைத்தால் ஒரு கூட்டத்தை உங்கள் வீட்டிலேயே வையுங்கள், உங்கள் வட்டாரத்து கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பான கவுன்சிலில் கேட்டுவிட்டு. நான் இரண்டாவது வருஷம் அப்படிச் செய்தேன். படியில் இருந்த செட்டியார் பொம்மையைப் பார்த்து ஒரு பெண் "இவர் என்ன விற்கிறார்?" என்று கேட்க, முன்னால் இருந்த அரிசி, பருப்பு, மஞ்சளை ஒவ்வொன்றாக என் மகள் விளக்க, எல்லோரும் கையில் சுண்டல் கிண்ணத்தோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். அதற்குமுன் என் மகள் நான்கு பேர் எதிரில் வாயே திறக்கமாட்டாள். நீங்கள் பேசினால் கேட்பார்களா என்கிறீர்களே, உங்களுக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கினால் கேட்பார்கள்.

பழைய_சாரணி:

நான் நாகர்கோவிலில் படித்தபோது சாரணியர் படையில் இருந்தேன், இப்போது டல்லாஸ் பக்கம் மகளின் ட்ரூப்புக்கு குக்கீ மேனேஜர், மூன்றாவது வருஷம். ஊரில் இதை நடத்தியது ஆசிரியர்கள், இங்கே நடத்துவது பெற்றோர்கள், எனக்குப் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் அதுதான். மூன்று விரல் வணக்கம், இடது கைக் குலுக்கல், தயாராக இரு, தினம் ஒரு நற்செயல் எல்லாம் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. முதல் நாள் மகள் மூன்று விரலைத் தூக்கி உறுதிமொழி சொன்னபோது என் கையும் தானாக மேலே போனது.

அக்கா சொல்லாமல் விட்ட குளிர்காலத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் வருஷத்திலேயே வேலை அதிகம் அதில்தான். ட்ரூப்புக்குப் பணம் திரட்டப் பிள்ளைகள் செய்கிற குக்கீ விற்பனை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் வரும், தேதி கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். அதற்கு முன்னால் இலையுதிர் காலத்திலும் கொட்டை வகைகளும் சாக்லேட்டும் விற்கிற ஒரு சின்ன விற்பனை உண்டு. புது லீடர் அதைச் சிறிய அளவில் செய்து பார்த்தால் குக்கீக்கு நல்ல ஒத்திகை.

1917-இல் ஓக்லஹோமாவில் மஸ்கோகி ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாங்களே சுட்ட பிஸ்கட்டை விற்றதில் ஆரம்பித்தது இது. இப்போது இரண்டு பேக்கரி கம்பெனிகள் சுட்டுத் தருகின்றன, அதனால்தான் ஒரே குக்கீ ஒரு ஊரில் சமோவா, இன்னொரு ஊரில் கேரமல் டிலைட். வீட்டில் சைவம் என்றீர்கள், தின் மின்ட்ஸ் என்கிற குக்கீயில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. சொந்தக்காரர்கள், ஆபீஸ் நண்பர்கள் எல்லோருக்கும் தயங்காமல் சொல்லலாம்.

இனி கவனமாகக் கேளுங்கள். ஒரு கேஸில் பன்னிரண்டு டப்பா. முதல் வருஷம் நான் ஆர்வக் கோளாறில் முதல் ஆர்டரையே அதிகமாகப் போட்டுவிட்டேன், எங்கள் கவுன்சிலில் எடுத்ததைத் திருப்பித் தர முடியாது. மார்ச் கடைசியில் பதினாறு கேஸ் எங்கள் வீட்டு ஹாலில். இருநூறு டப்பாவுக்கு எட்டுதான் குறைவு. இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அக்கம்பக்கத்தில் கதவு தட்டி விற்று முடித்தோம். அன்றிலிருந்து நான் செய்வது இதுதான்: போன வருஷம் ட்ரூப் விற்றதை எழுதி வைத்துக்கொண்டு அதில் பாதியை மட்டும் முதலில் எடுப்பேன், குறைந்தால் நடுவில் கிட்டங்கிக்குப் போய் வாங்கி வருவேன். ஒவ்வொரு டப்பாவும் எந்த வீட்டுக்குப் போனது என்று பெற்றோர் கையெழுத்தோடு ரசீது. நட்பு இருக்கட்டும், ரசீதும் இருக்கட்டும்.

வேலை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் இதில் கற்றுக்கொள்வதை வேறு எங்கும் கற்கமாட்டார்கள். போன பிப்ரவரியில் மளிகைக் கடை வாசலில் பூத் போட்டோம். ஒரு பெரியவர் இருபது டாலர் கொடுத்து இரண்டு டப்பா எடுத்தார், மகள் மீதியை எண்ணும்போது பின்னால் இருந்து என் வாய் துறுதுறுத்தது. பேசாமல் நின்றேன். அவள் ஒவ்வொரு நோட்டாக அவர் உள்ளங்கையில் வைத்து எண்ணிக் கொடுத்து, "தேங்க் யூ" சொல்லி, அவர் போனதும் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே மூன்றாவது வருஷமும் மேனேஜராக இருக்கிறேன். அதனால் பூத்தில் பெரியவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, பிள்ளைகளே விற்க வேண்டும்.

பணம் விஷயத்தில் ஒன்று, பெற்றோர் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குக்கீயில் ட்ரூப்புக்குக் கிடைக்கிற பங்கு ட்ரூப்பின் பணம். என் மகள் முந்நூறு டப்பா விற்றாள், அதனால் இவ்வளவு அவள் கணக்கில் என்று பிரிக்க முடியாது. எதில் செலவழிப்பது என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்வார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மே மாதம் மனக்கசப்பு வரும்.

கொலம்பஸ்_அம்மா:

அக்கா, பழைய சாரணி, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்தேன். கணக்கு வேலையை மட்டும் கேட்கச் சொன்னீர்களே, இன்று காலை மகளின் தோழியின் அம்மாவிடம் அப்படியே கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, கேம்ப். மற்றொன்று, உறுதிமொழியில் கடவுளுக்குச் சேவை என்று வருகிறதே, நம் வீட்டுப் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

எடிசன்_அக்கா:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். 1993-லிருந்து அந்த இடத்தில் அவரவர் நம்பிக்கைக்கு ஏற்ற சொல்லைச் சொல்லலாம். எங்கள் ட்ரூப்பில் ஒரு பெண் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் மூடி இருப்பாள், அதுவும் சரிதான். என் மகளிடம் நீ மனசுக்குள் யாரை நினைக்கிறாயோ அவரைச் சொல் என்றேன், அவள் முருகனை நினைத்துக்கொள்கிறாள்.

அப்புறம், பிப்ரவரி 22 உலகெங்கும் சாரணியர் கொண்டாடுகிற சிந்தனை நாள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல், அவர் மனைவி ஒலேவ், இருவருக்கும் பிறந்தநாள் அன்றுதான். ஒவ்வொரு ட்ரூப்பும் ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதைப் பற்றிச் செய்யும். சாரணியருக்கு உலக அளவில் மையங்கள் சில உண்டு, அதில் ஒன்று புனேயில் இருக்கிற "சங்கம்" என்கிற மையம், 1966-இல் திறந்தது. நம் ஊரில் இருக்கிறது என்று சொல்லி உங்கள் மகள் அதைப் பற்றியே பேசட்டும். குக்கீ பரபரப்புக்கு நடுவில் வருவதால் எளிமையாக வையுங்கள், ஒரு கோலம், ஒரு விளையாட்டு, கொஞ்சம் தின்பண்டம் போதும்.

சான்ஹோசே_அப்பா:

கேம்ப் பற்றி நான். அப்பாக்களும் வாலண்டியராக இருக்கலாம், நான் நான்கு வருஷமாக இருக்கிறேன். ராத்திரி தங்கலில் ஆண்களுக்குப் படுக்கும் இடமும் குளியலறையும் தனியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கணவரையும் பதிவு செய்யச் சொல்லுங்கள், கார் ஓட்டவும் சாமான் தூக்கவும் ஆள் வேண்டும்.

முதல் வருஷமே கூடாரம் போடாதீர்கள். கவுன்சில்களுக்குச் சொந்தக் கேம்ப் இடங்கள் இருக்கும், அதில் கேபின் வாடகைக்குக் கிடைக்கும். கட்டில், கூரை, பக்கத்திலேயே கழிப்பறை. உங்கள் ஊர்க் குளிருக்கு மே மாதம் ஒரே ஒரு ராத்திரி போதும். அதற்கு முன்னால் கேம்ப் பயிற்சி ஒன்று கேட்பார்கள், முதலுதவிச் சான்று உள்ள ஒருவரும் கூட வேண்டும், குளிர்காலத்திலேயே இரண்டையும் முடித்துவிடுங்கள். ட்ரூப்பில் நர்ஸ் வேலை பார்க்கிற அம்மா யாராவது இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள்.

சாப்பாடுதான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். ஸ்மோர்ஸ் என்று நெருப்பில் மார்ஷ்மெல்லோவை வாட்டி சாக்லேட்டோடு பிஸ்கட் நடுவில் வைத்துத் தருவார்கள். 1927-இல் கேர்ள் ஸ்கவுட்ஸ் போட்ட கையேட்டிலேயே அதன் செய்முறை அச்சில் வந்தது, அதனால் அது இல்லாமல் கேம்ப் கிடையாது. சாதாரண மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. எங்கள் முதல் கேம்ப்பில் இதை நான் யோசிக்கவில்லை. நெருப்பைச் சுற்றி எல்லோரும் குச்சியோடு நிற்க, என் மகளும் ஒரு ஜெயின் வீட்டுப் பெண்ணும் வெறும் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் காட்சி எனக்கு மறக்காது. அடுத்த முறை டேண்டீஸ் என்கிற ஜெலட்டின் இல்லாத மார்ஷ்மெல்லோவையே எல்லோருக்கும் வாங்கினேன். இது உனக்கு, அது அவளுக்கு என்று பிரிக்கவே இல்லை. ஒரே பாக்கெட், ஒரே நெருப்பு.

வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். கேப்பர் சார்ட் என்று ஒரு அட்டை செய்வோம், யார் தண்ணீர் எடுப்பது, யார் தட்டு கழுவுவது, யார் விறகு பொறுக்குவது என்று துணி கிளிப்பில் பெயர் எழுதி மாட்டுவது. ஏழு வயதுப் பெண்கள் அந்தக் கிளிப்பைப் பார்த்துவிட்டு, தானே போய் வாளியைத் தூக்குகிறார்கள். வழக்கமான கூட்டத்திலும் முதல் நாளிலிருந்தே இதை வையுங்கள்.

பழைய_சாரணி:

மே மாதம் முடிகிறபோது பிரிட்ஜிங் வரும், ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் பாலம் கடக்கிற சடங்கு. உங்கள் பிரௌனிகளுக்கு அது அடுத்த வருஷம், மூன்றாம் வகுப்பு முடிவில். இந்த வருஷம் ஒரு சின்ன விழா, பேட்ஜ் கொடுத்து கேக் வெட்டினால் போதும். கோடையில் ட்ரூப்புக்கு ஓய்வு விடுங்கள், ஆசைப்படுகிற பிள்ளைகள் கவுன்சில் நடத்துகிற பகல்நேரக் கேம்ப்புக்குப் போவார்கள். தமிழ்ப் பள்ளியோடு மோதாமல் இருக்க, கூட்டத்தை வாரநாள் சாயங்காலம் வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம். குக்கீ பூத்துக்கு ஞாயிறு மதியம் கேட்டு வாங்குங்கள்.

கொலம்பஸ்_அம்மா:

சொல்ல வந்தது: சேர்ந்துவிட்டோம். மகளின் தோழியின் அம்மா கணக்கு மட்டும் என்று ஆரம்பித்து, கடைசியில் கோ-லீடராகவே வருகிறேன் என்றுவிட்டார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதில் பிரௌனியாக இருந்தவர், கண்ணாடிக் குளம் பற்றிச் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் பின்னணிச் சோதனைக்குப் படிவம் அனுப்பிவிட்டோம். செப்டம்பர் இரண்டாவது வியாழக்கிழமை முதல் கூட்டம், பள்ளி நூலகத்தில் இடம் கேட்டிருக்கிறோம். பதினோரு பேரில் பத்துப் பேர் வருகிறார்கள். மகள் இப்போதே கேப்பர் சார்ட்டுக்கு அட்டை வெட்டுகிறாள்.

பிரௌனி வெஸ்ட் வாங்கிவிட்டேன். ஒரு சின்னக் கேள்வி, அதில் பேட்ஜை இஸ்திரி போட்டு ஒட்டினால் நிற்குமா?

எடிசன்_அக்கா:

ரொம்ப சந்தோஷம்! ஒட்டினால் இரண்டு துவையல் வரைதான், ஓரம் தூக்கிக்கொள்ளும். முதலில் லேசாக இஸ்திரி போட்டு இடத்தில் நிறுத்திவிட்டு, அதே நிற நூலில் சுற்றி ஒரு தையல் போடுங்கள். சம்பாதித்த பேட்ஜ் எல்லாம் முன்பக்கம், விளையாட்டாக வாங்குகிற பேட்ச் எல்லாம் பின்பக்கம். பழைய நீல வெஸ்ட்டில் இருந்து இதழ்களைப் பிரிக்காதீர்கள், அது அப்படியே இருக்கட்டும்.